கடலில் இறங்கும் படகு டிரெய்லரைத் துருவிலிருந்து காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்குத் தெற்கே, சிறிய ஃபைபர் படகு வைத்திருக்கும் நண்பர்களோடு சேர்ந்து சில ஆண்டுகளாக டிரெய்லர் பராமரிப்பு வேலை பார்த்து வருகிறேன். எங்கள் முதல் டிரெய்லர் 50 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், அதாவது சாதாரண இரும்பு) பாக்ஸ் பைப்பில், அதாவது சதுரக் குழாயில் செய்தது. ரெட் ஆக்சைடு அடித்து, மேலே நீல எனாமல். மூன்றாவது ஆண்டிலும் வெளியே பளிச்சென்றுதான் இருந்தது. ஒருநாள் ஆக்சிலுக்கு மேலே இருந்த குறுக்குச் சட்டத்தின் அடியில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினேன். முனை உள்ளே போய்விட்டது. பைப்பை உள்ளிருந்தே துரு தின்றிருந்தது.

அதற்குப் பிறகு புதிதாக டிரெய்லர் வாங்கிய பலருக்கு உதவியிருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: பெயிண்டில் ஆரம்பிக்கிறார்கள். இந்த வேலை தண்ணீரில் ஆரம்பிக்க வேண்டும். பெயிண்ட் எட்டாவது படியில்தான் வரும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

ஒவ்வொரு முறை கடலுக்குப் போய் வந்ததும் தேவைப்படுபவை: நல்ல தண்ணீர் 60 முதல் 80 லிட்டர், தோட்டத்து ஹோஸ், பைப்புக்குள் நுழையும் அளவுக்கு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒரு மீட்டர், பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டுவது), டார்ச். ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கும் வீடுகளில் இந்த மீட்டர் அநேகமாக ஏற்கெனவே இருக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் பெரிய வேலைக்கு: ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, சிறு சுத்தியல், வயர் பிரஷ், கிரைண்டர், எமரி பேப்பர், தின்னர், இரண்டு பாகமாக வரும் எபாக்சி, ஜிங்க் (துத்தநாக) பெயிண்ட், மரைன் கிரீஸ், புது ஆயில் சீல் (ஹப்பின் பின்பக்கத்தில் கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையம்), புது ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் தடுக்கும் ஊசி). கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி டிரெய்லருக்கு அடியில் படுக்காதீர்கள். மணல் கலந்த தரையில் ஜாக்கி சட்டென்று சரியும்.

சீலையும் பின்னையும் வேலை தொடங்கும் முன்பே வாங்கி விடுங்கள். ஹப்பை, அதாவது பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினால், திறந்து கிடக்கும் பேரிங்கில் உப்புக்காற்றும் மணலும் படியும்.

2. முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

கடலோரத்தில் இருப்பவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. கடலிலிருந்து வந்ததும் போர்வெல் தண்ணீரில் டிரெய்லரை நன்றாகக் கழுவுவார்கள், மனதுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் கடலை ஒட்டிய பல ஊர்களில் போர்வெல் தண்ணீரே உவர்ப்பு. உப்பை உப்பால் கழுவிக் கொண்டிருப்பார்கள்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தரம் ஏற்கும் டி.டி.எஸ். அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். கழுவும் தண்ணீரும் 500க்குள் இருந்தால் நல்லது. 1000 வரை சமாளிக்கலாம். 2000, 3000 என்று காட்டினால் முதல் அலசலுக்கு, மணலைத் தள்ளுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தி, கடைசி அலசலுக்கு லாரித் தண்ணீரோ மழைநீர்த் தொட்டித் தண்ணீரோ எடுங்கள்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து இதற்கு எடுத்து வருகிறவர்கள் உண்டு. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் மெஷின் பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதற்குப் பதில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சேர்த்து வையுங்கள். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஸ்பிரிங், ஹப் போன்ற இடங்களுக்குக் கடைசியாக ஊற்ற அருமையான தண்ணீர் அது.

உப்பு காய்ந்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் வீட்டு உப்புஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் கழுவாமல் விட்ட டிரெய்லர், கார் ஷெட்டில் நின்றாலும் ஒவ்வொரு இரவும் நனைந்துகொண்டுதான் இருக்கும்.

3. உங்கள் டிரெய்லர் எந்த வகை?

இது தெரியாமல் எதையும் பூசாதீர்கள். ஒரு வகைக்கு மருந்தாக இருப்பது இன்னொரு வகைக்கு விஷம்.

முதல் வகை, சாதாரண எம்.எஸ். இரும்பில் செய்து பெயிண்ட் அடித்தது. இரண்டாவது, கடையில் கிடைக்கும் ஜி.ஐ. பைப்பை (ஏற்கெனவே ஜிங்க் பூசிய இரும்புக் குழாய்) வாங்கி வெல்டிங் செய்தது. மூன்றாவது, முழுச் சட்டத்தையும் வெல்டிங் செய்து முடித்தபின் உருகிய ஜிங்க் தொட்டியில் முக்கி எடுத்தது. இதைத்தான் ஹாட் டிப் கால்வனைஸ் என்கிறோம்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் குழப்பிக்கொள்வதுதான் வழக்கம். வெல்டிங் மூட்டுகளைப் பாருங்கள். மூட்டின் மேலும் அதே சாம்பல் நிறத் தோல் படர்ந்திருந்து, டார்ச் அடித்தால் பைப்பின் உட்புறமும் சாம்பலாகத் தெரிந்தால் அது மூன்றாவது வகை. மூட்டுகளில் மட்டும் வெள்ளி நிறப் பெயிண்ட் இருந்து, அதன் ஓரமாகப் பழுப்புக் கோடு இறங்கியிருந்தால் அது ஜி.ஐ. பைப். வெல்டிங் சூட்டில் அங்கிருந்த ஜிங்க் எரிந்து போயிருக்கும். அந்த மூட்டுகளை எம்.எஸ். இரும்பாகவே நினைத்துக் கவனிக்க வேண்டும்.

4. கடற்கரையில்: டிரெய்லரை நனைக்காமல் இருக்க முடியுமா?

நம் கடற்கரைகளில் படகு இறக்கும் சாய்தளம் அபூர்வம். பெரும்பாலும் மணலில்தான் இறக்க வேண்டும். அதை ஒரு வசதியாக எடுத்துக்கொள்ளலாம். டிரெய்லரை அலை தொடாத மணலிலேயே நிறுத்துங்கள். தடித்த பி.வி.சி. பைப் நான்கைந்தை உருளைகளாகப் போட்டுப் படகை மட்டும் தள்ளுங்கள். நாலு பேர் இருந்தால் சிறிய ஃபைபர் படகுக்கு இது போதும். நனையாத டிரெய்லருக்குச் செய்ய வேண்டிய வேலை பாதியாகிறது.

இறக்கியே ஆக வேண்டும் என்றால் முதலில் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். சாலையில் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். அதைச் சட்டென்று குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகக் கடல் நீரை உள்ளே இழுக்கும். இருபது நிமிடம் பொறுங்கள். அந்த நேரத்தில் படகின் கயிறு, துடுப்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் ஏற்றிக்கொள்ளலாம். பின்விளக்கு ஒயரின் பிளக்கையும் கழற்றி விடுங்கள். மின்சாரம் ஓடும் கனெக்ஷனில் உப்பு நீர் பட்டால் செம்பு வேகமாகப் பச்சை பிடித்துவிடும்.

முட்டுக்காடு மாதிரியான கழிமுகத்தில் இறக்குகிறவர்கள் "இது கடல் இல்லையே" என்று கழுவாமல் விட்டுவிடுகிறார்கள். முகத்துவாரம் திறந்திருக்கும்போது அங்கே வருவதும் கடல் நீர்தான். அதே கவனம் தேவை.

5. கழுவும் வரிசை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

உப்பு காய்வதற்குள் கழுவ வேண்டும். காய்ந்த உப்பு இடுக்குகளில் படிகமாக ஒட்டிக்கொள்ளும், கரைக்க அதிகத் தண்ணீர் கேட்கும். வீடு தூரம் என்றால் இரண்டு 20 லிட்டர் கேன்களில் நல்ல தண்ணீர் கொண்டு போய், கடற்கரையிலேயே ஸ்பிரிங், ஆக்சில், ஹப் மூன்றுக்கும் ஊற்றி விடுங்கள். மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பைப்பின் உட்புறம். எல்லோரும் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள், கடைசியில் தண்ணீர் தீர்ந்துவிடும். இரண்டு மீட்டர் நீளமுள்ள 50 மி.மீ. பாக்ஸ் பைப், சுவர் 3 மி.மீ. என்றால், உள்ளே ஏறத்தாழ 3.9 லிட்டர் பிடிக்கும். அதில் அரை லிட்டர் கடல் நீர் தேங்கினாலே பதினேழு கிராம் உப்பு. வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். அடுத்த முறை அதோடு இன்னும் சேரும். டிரெய்லரின் மூக்கை உயர்த்தி, மெல்லிய குழாயை மேல் முனைத் துவாரத்தில் விட்டுத் தண்ணீரை ஓட விடுங்கள். பிறகு மூக்கைத் தாழ்த்தி எதிர்ப்பக்கமிருந்து ஒருமுறை.

எவ்வளவு நேரம் ஓட விடுவது? இங்கேதான் டி.டி.எஸ். மீட்டர் கைகொடுக்கிறது. கீழ் முனையில் வழியும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அளவெடுங்கள். உள்ளே விடும் தண்ணீர் 300 என்றால், வெளியே வருவது முதலில் பல ஆயிரம் காட்டும், மலிவான மீட்டரின் எல்லையைத் தாண்டக்கூடச் செய்யும். அது 400க்கு அருகில் இறங்கும்வரை ஓட விடுங்கள். கண்ணால் பார்த்து "போதும்" என்று நிறுத்தியவர்களின் பைப்பில் நான் பிறகு அளந்தபோது ஒருமுறைகூடப் போதுமானதாக இருந்ததில்லை.

அப்புறம் ஸ்பிரிங் பட்டைகள். பட்டைகளுக்கு இடையே உப்பு நீர் இழுத்துக்கொண்டு நிற்கும். மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் நிதானமாக ஊற்ற வேண்டும். அடுத்து சக்கரத்தின் உட்பக்கம், யூ போல்ட்டுகள், படகு உட்காரும் மரக்கட்டைகளின் அடிப்பக்கம். வெளிப்பக்கச் சட்டம் கடைசியில். அது தானாகவே பாதி கழுவப்பட்டிருக்கும்.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹப்பின் பின்பக்கம், அதாவது ஆயில் சீல் இருக்கும் இடத்துக்கு நேராக அடிக்காதீர்கள். அந்த அழுத்தம் சீலின் உதட்டை மடக்கித் தண்ணீரையும் மணலையும் பேரிங்குக்குள் தள்ளிவிடும். இடுக்கில் இருக்கும் உப்புக்கு வேகத்தைவிட அளவும் நேரமும்தான் முக்கியம்.

வினிகர், ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனர் போன்றவற்றைப் போட்டுக் "கறை" எடுக்க வேண்டாம். கால்வனைஸ் செய்த சட்டத்தில் அவை உப்பைவிட வேகமாக ஜிங்கைக் கரைக்கும். சோப் தேவை என்றால் சாதாரண ஷாம்பு போதும்.

கழுவியபின் டிரெய்லரைச் சரிவாக நிறுத்தி வடிய விடுங்கள். முடிந்தால் காலியாக ஒரு கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். காற்றும் குலுக்கலும் இடுக்கில் தங்கிய நீரை வெளியேற்றும்.

6. துருவைத் தேடுங்கள்

மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், சிறு சுத்தியலோடு. சட்டம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே தின்னப்பட்ட இடம் மந்தமாக, தகரம் மாதிரி சத்தம் போடும். சந்தேகம் உள்ள இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: பைப்பின் அடிப்பக்கம், துவாரங்களின் ஓரம், ஸ்பிரிங்கைப் பிடிக்கும் பிராக்கெட்டின் வெல்டிங், ஆக்சில் மீது யூ போல்ட் உட்காரும் இடம், மரக்கட்டை சட்டத்தைத் தொடும் இடம், ஹிட்ச்சுக்கு (இழுக்கும் வண்டியோடு இணைக்கும் பாகம்) பின்னால் உள்ள மூட்டு. இரண்டு தகடுகள் ஒட்டியிருக்கும் இடத்தில் இடைவெளி விரிந்து தெரிந்தால் உள்ளே துரு வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். தடித்த தகட்டையே நெம்பி வளைத்துவிடும்.

மேல் துரு என்றால் அடுத்த படிக்குப் போகலாம். ஓட்டை விழுந்திருந்தால், அல்லது ஹிட்ச், ஆக்சில், ஸ்பிரிங் பிராக்கெட் ஆகியவற்றில் உலோகம் மெலிந்திருந்தால், பெயிண்ட் டப்பாவை மூடி வையுங்கள். அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும். மேலே புட்டி வைத்து மூடிய ஒரு டிரெய்லரைப் பார்த்திருக்கிறேன், பின்னால் பைக்கில் வருபவரை நினைத்து வயிறு கலங்கியது. சாலையில் ஓடும் வண்டி இது.

7. துருவை எடுப்பது: மறுபடியும் தண்ணீர்தான் முதலில்

துருவைத் தேய்க்கும் முன் அந்த இடத்தை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்போடு சேர்த்துக் கிரைண்டர் போட்டால், இரும்பின் குழிகளுக்குள் உப்பைத் தேய்த்து அடைத்துவிடுவீர்கள். மேலே எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் ஆறு மாதத்தில் அங்கே கொப்புளம் கிளம்பும்.

ஆகவே வரிசை: அலசு, காயவிடு, சுத்தியலால் செதிலைத் தட்டி எடு, வயர் பிரஷ் அல்லது கிரைண்டர், மறுபடி அலசு, உடனே துடைத்துக் காயவிடு. வசதி இருந்தால் சாண்ட் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணலை அடித்துச் சுத்தம் செய்வது) எல்லாவற்றையும்விட மேல். குழியின் அடிவரை போகும்.

உப்பு போய்விட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி. தேய்த்த இரும்பை ஓரிரவு கூரைக்குக் கீழே திறந்து வையுங்கள். காலையில் மெல்லிய பழுப்பு ஒரே சீராகப் படர்ந்திருந்தால் அது காற்றின் ஈரம், எமரி பேப்பரில் போய்விடும். குறிப்பிட்ட புள்ளிகள் மட்டும் கறுத்து, வேர்த்தது போல நனைந்திருந்தால் அந்தக் குழிகளில் உப்பு இருக்கிறது. திரும்ப அலசுங்கள். இரண்டு மூன்று முறைகூட ஆகலாம், பொறுமை வேண்டும்.

குழிகளில் எஞ்சியிருக்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசலாம். டானிக் அமிலம் கலந்தவை துருவோடு சேர்ந்து கறுப்பாக மாறும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். பாஸ்பாரிக் அமில வகையும் கிடைக்கும். தளர்ந்த செதில் துருவின் மேல் இதை ஊற்றிப் பயனில்லை. மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் துரு வேலையைத் தொடரும். இன்னொன்று: ஜிங்க் பெயிண்ட் அடிக்கப் போகும் இடத்தில் கன்வெர்ட்டர் பூசக் கூடாது. ஜிங்க் பெயிண்ட் வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும்.

8. எம்.எஸ். சட்டத்துக்குப் பெயிண்ட்

நாளும் நேரமும் முக்கியம். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்காதீர்கள். இரும்பின் வெப்பநிலை பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் மேல் பெயிண்ட் உட்காரும். நடைமுறையில், மாசி, பங்குனியில், வெயில் ஏறிப் பனி உலர்ந்த பிறகு காலை ஒன்பதரைக்குத் தொடங்கி, கடற்காற்று எழும் முன் மதியத்துக்குள் முடிப்பது நல்லது. கடற்காற்று வந்துவிட்டால் ஈரப் பெயிண்ட்டின் மேல் உப்பு படியும். கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நண்பர் வீட்டுக்கு டிரெய்லரைக் கொண்டுபோய் அடிப்பது இன்னும் நல்லது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாட்களில் படகு பழுது பார்க்கும் பட்டறைகளில் வேலை குவிந்திருக்கும். அதற்கு முன்பே உங்கள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

ரெட் ஆக்சைடும் எனாமலும் வீட்டு ஜன்னல் கம்பிக்குச் சரி. கடல் நீரில் முங்கும் சட்டத்துக்குப் போதாது. அந்தப் படலம் ஈரத்தை மெதுவாக உள்ளே விடும்.

சாண்ட் பிளாஸ்டிங் செய்த சட்டம் என்றால், முதலில் ஜிங்க் கலந்த எபாக்சி பிரைமர், அதன்மேல் தடித்த எபாக்சி, கடைசியில் பாலியூரித்தேன். கையால் தேய்த்த சட்டம் என்றால், சுமாராகச் சுத்தம் செய்த இரும்பிலும் பிடிக்கக்கூடிய எபாக்சி மாஸ்டிக் என்று கேட்டு வாங்குங்கள். ஜிங்க் பிரைமர் கையால் தேய்த்த பரப்பில் சரியாகப் பிடிக்காது. பாலியூரித்தேன் எதற்கு என்றால், எபாக்சி வெயிலில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து உதிரும். அதற்கு ஒரு குடை வேண்டும். பாலியூரித்தேனைப் பிரஷ்ஷால் மட்டும் அடியுங்கள். ஸ்ப்ரே செய்தால் வரும் புகை நுரையீரலுக்குக் கெடுதல், அது தகுந்த முகக்கவசம் உள்ள பட்டறை வேலை.

முழுச் சட்டத்துக்கும் அடிப்பதற்கு முன், ஓரங்கள், வெல்டிங் மூட்டுகள், துவார விளிம்புகள் ஆகியவற்றுக்கு மட்டும் சிறு பிரஷ்ஷால் ஒரு கோட் தனியாகக் கொடுங்கள். ஈரப் பெயிண்ட் கூர்மையான விளிம்பிலிருந்து விலகிப் போகும் தன்மை கொண்டது. பெயிண்ட் முதலில் பெயர்வதும் எப்போதும் விளிம்பில்தான்.

இரண்டு பாகங்களையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் அளந்து கலக்குங்கள். கண் அளவு வேண்டாம். நம் ஊர் வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும். கால் மணி நேரத்தில் அடிக்கக்கூடிய அளவை மட்டும் கலப்பது நல்லது.

பைப்பின் உட்புறத்துக்குப் பெயிண்ட் போகாது. கார்களின் கதவுகளுக்குள் அடிக்கும் மெழுகு ஸ்ப்ரே நீளக் குழாயோடு கிடைக்கிறது. உட்புறம் முற்றிலும் காய்ந்தபின் அதை அடியுங்கள். தண்ணீர் வடியும் துவாரங்களை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பைப் முனைகளைப் பிளாஸ்டிக் மூடியால் இறுக்கி அடைத்துவிட்டால் தண்ணீர் புகாது என்று பலர் நம்புகிறார்கள். புகும், ஆனால் வெளியே வராது. ஒவ்வொரு பைப்பின் தாழ்ந்த முனையிலும் 10 மி.மீ. துவாரம் ஒன்று இருக்கட்டும்.

9. கால்வனைஸ் சட்டமும், கால்வனைஸுக்கு அனுப்புவதும்

ஜிங்க், இரும்புக்குப் பதிலாகத் தானே அரிபட்டுக் கொடுக்கிறது. சிறு கீறலில் இரும்பு தெரிந்தாலும் பக்கத்தில் இருக்கும் ஜிங்க் அதைக் காக்கும். பைப்பின் உட்புறமும் பூசப்பட்டிருக்கும். இதனால்தான், புதிதாகச் செய்கிறவர்களிடம் பெயிண்ட்டில் செலவழிப்பதைக் கால்வனைஸில் செலவழியுங்கள் என்று சொல்கிறேன். எடைக்கணக்கில்தான் கூலி, விசாரித்தால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

அனுப்பும் முன் பட்டறையில் செய்ய வேண்டியது: ஒவ்வொரு பைப்பின் இரு முனைகளிலும், எதிரெதிர் மூலைகளில், காற்றும் ஜிங்கும் ஓடுவதற்குத் துவாரங்கள். தொட்டியின் சூடு சுமார் 450 டிகிரி. அடைபட்ட பைப்புக்குள் ஈரம் இருந்தால் வெடிக்கும், அங்கே வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து. இதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடாமல் நீங்களே ஒவ்வொரு துவாரமாக எண்ணிப் பாருங்கள். பழைய பெயிண்ட்டையும் வெல்டிங் கசடையும் முழுமையாக எடுத்திருக்க வேண்டும். அங்கே இருக்கும் ஆசிட் துருவை எடுக்கும், பெயிண்ட்டை எடுக்காது. ஸ்பிரிங், ஹப், பேரிங் எல்லாம் கழற்றியாக வேண்டும்.

திரும்பி வந்ததும் பூச்சின் கனத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஓ. 1461 தரப்படி சராசரி குறைந்தது, 1.5 முதல் 3 மி.மீ. வரையான இரும்புக்கு 55 மைக்ரான், 3க்கு மேல் 6 மி.மீ. வரை 70, அதற்கு மேல் 85. இரும்பு தடித்தால் ஜிங்க்கும் தடித்துப் பிடிக்கும் என்பதால், முடிந்தால் 3 மி.மீ.யைத் தாண்டிய பைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

வந்த அன்றே கடலில் இறக்காதீர்கள். ஜிங்க் காற்றில் நின்று தன்மேல் ஒரு பாதுகாப்புத் தோலை வளர்த்துக்கொள்ளச் சில வாரங்கள் கொடுங்கள். அதுவரை காற்றோட்டமான, உலர்ந்த இடத்தில் நிறுத்துங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் வெள்ளைப் பொடி பூக்கும்.

பழைய கால்வனைஸ் சட்டத்தில் பழுப்புத் தெரியும் இடங்களை வெறும் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, அலசி, காயவைத்து, ஜிங்க் அளவு அதிகமுள்ள பெயிண்ட்டை இரண்டு மூன்று கோட் கொடுங்கள். வெள்ளியாகத் தெரியும் எல்லாப் பெயிண்ட்டும் ஜிங்க் அல்ல. அலுமினியம் பெயிண்ட்டை வாங்கி வந்துவிடுகிறார்கள். டப்பாவில் ஜிங்க் சதவீதம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், காய்ந்த படலத்தில் 90க்கு மேல் இருப்பது நல்லது. கால்வனைஸ் மேல் நேரடியாக எனாமல் அடிப்பது இன்னொரு தவறு. எனாமலில் இருக்கும் எண்ணெய் ஜிங்க்கோடு வினைபுரிந்து சோப்பாகும், சில மாதங்களில் பாளம் பாளமாக உரியும்.

ஜி.ஐ. பைப்பிலோ கால்வனைஸ் சட்டத்திலோ வெல்டிங் செய்ய நேர்ந்தால், அந்த இடத்து ஜிங்கை முதலில் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில் செய்யச் சொல்லுங்கள். எரியும் ஜிங்க் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

10. ஹப்பும் பேரிங்கும்

ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் திறக்க வேண்டும். டிரெய்லர் அடிக்கடி நனைந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

ஹப்பைக் கழற்றிப் பழைய கிரீஸைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, உருளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கருநிறப் புள்ளியோ குழியோ இருந்தால் பேரிங்கையும் அதன் வெளி வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

பழைய கிரீஸ் மேலேயே புது வகைக் கிரீஸைத் திணிக்காதீர்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் தண்ணீராக இளகி வழியும். முழுவதும் கழுவிவிட்டு, மரைன் கிரீஸை உள்ளங்கையில் வைத்துப் பேரிங்கின் அகன்ற பக்கத்தால் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்றுங்கள். சீல் எப்போதும் புதிது.

நட்டை, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே லேசாகப் பிடிப்பு வரும்வரை இறுக்கி, பிறகு அடுத்த பின் துளை வரை தளர்த்தி, புது ஸ்பிளிட் பின் போடுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் நட் இறுக்கம் அதிகம், அல்லது பேரிங்கில் கோளாறு. அப்படியே ஓட்டாதீர்கள்.

11. மற்ற பாகங்கள்

ஸ்பிரிங் பட்டைகளுக்கு, நன்றாகக் கழுவிக் காய்ந்தபின், லேனோலின் (ஆட்டுக் கம்பளி மெழுகு) ஸ்ப்ரே. லாரிக்காரர்கள் மாதிரி கழிவு ஆயில் அடிக்க வேண்டாம். அது அடுத்த முறை கடலிலும் மணலிலும்தான் போய்ச் சேரும், அங்கேதான் மீனவர் வலை காயப் போடுகிறார்கள்.

படகு உட்காரும் மரக்கட்டையின் மேல் போடும் கார்பெட், உப்பு நீரை நாள்கணக்கில் பிடித்து வைக்கும். அதைத் தாராளமாக அலசுங்கள். கட்டையைச் சட்டத்தோடு ஒட்டவைக்காமல் நடுவே பிளாஸ்டிக் வாஷர் கொடுத்தால் காற்று போகும்.

போல்ட்டுகளை ஹாட் டிப் கால்வனைஸ் செய்தவையாக வாங்குங்கள். மஞ்சளாகப் பளபளக்கும் பிளேட்டிங் போல்ட்டுகளின் பூச்சு மிக மெல்லியது, ஒரு பருவம் தாங்காது. விளக்குக்குச் சட்டத்தை எர்த்தாகப் பயன்படுத்தாமல் தனி எர்த் ஒயர் இழுங்கள். துருப்பிடித்த மூட்டு வழியாக விளக்கு ஒழுங்காக எரியாது.

12. நிறுத்தி வைப்பது

தார்ப்பாய் போட்டுக் கட்டாதீர்கள். அதன் உட்புறம் இரவெல்லாம் நீர்த்துளி கட்டும். மேலே கூரையும் நான்கு பக்கமும் காற்றும் இருந்தால் போதும். புல்லிலோ ஈர மண்ணிலோ நிறுத்தாமல், சக்கரங்களுக்கு அடியில் பலகை போடுங்கள். மூக்கை ஒரு செங்கல் உயரம் தூக்கி வையுங்கள், மழை பெய்தாலும் பைப்புகள் பின்முனைத் துவாரங்கள் வழியாகத் தாமாகவே வடியும்.

கடலிலிருந்து சில நூறு மீட்டருக்குள் வீடு என்றால், டிரெய்லரை வெளியே எடுக்காத மாதங்களிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் ஒரு அலசல் கொடுங்கள். காற்றில் வரும் உப்பு, முதலில் கூரைக்குக் கீழே மழை படாத இடங்களில்தான் சேரும். சட்டத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவி, நாக்கில் வைக்காமல், ஒரு டம்ளர் ஏ.சி. தண்ணீரில் விரலை அலசி மீட்டரை வையுங்கள். அலசுவதற்கு முன் இருந்த எண்ணிலிருந்து ஏறியிருந்தால், ஹோஸை எடுங்கள்.